விருந்தாளியாக வரலாம், வீட்டுக்காரராக முடியாது: நாட் கிங் கோல் ஷோவின் 13 மாதங்கள்

1956 நவம்பர் 5, திங்கட்கிழமை. மறுநாள் அமெரிக்காவில் அதிபர் தேர்தல், ஐசன்ஹோவரா ஸ்டீவன்சனா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி இரவு ஏழரை மணிக்கு என்பிசி நெட்வொர்க்கில் புதிதாக ஒரு பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. மொத்தமே கால் மணி நேரம். நன்றாகத் தைத்த சூட்டில் ஒரு மனிதர் வந்தார், பாடினார், ரெண்டு வார்த்தை பேசினார், மறுபடி பாடினார். ஏழே முக்காலுக்குச் செய்தி வந்துவிட்டது.

அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் எந்தப் பாட்டு நிகழ்ச்சியிலும் கட்டாயம் இருக்கும் ஒரு வாக்கியம் இதில் இல்லை. "இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்..." என்ற வாக்கியம்தான். வழங்க யாரும் முன்வரவில்லை. செலவை நெட்வொர்க்கே ஏற்றுக்கொண்டது. பாடியவர் நாட் கிங் கோல். அமெரிக்காவில் இசைத்தட்டு அதிகம் விற்றவர்களில் ஒருவர், கறுப்பினத்தவர்.

13 மாதம் ஓடி 1957 டிசம்பர் 17-ல் நிகழ்ச்சி நின்றது. ஏன் நின்றது என்று கேட்டால் எல்லாரும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்: "இனவெறி, ஸ்பான்சர் கிடைக்கவில்லை." தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நகர்ந்துவிட்டால் சுவாரசியமான பகுதி முழுக்கக் கைநழுவிப் போய்விடும். ஏனென்றால் அதே மனிதர் அதே டிவியில் விருந்தினராக வந்து பாடியபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எந்தக் கம்பெனியும் மூழ்கவில்லை. தன் பெயரில் ஒரு நிகழ்ச்சி என்று வந்தபோதுதான் பிரச்சினை. இந்த விருந்தாளி, வீட்டுக்காரர் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் அந்த ஏழரை மணி

இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்போது என்பிசியில் ஏழரையிலிருந்து ஏழே முக்கால் வரை உள்ள கால் மணி நேரம் ஒரு தனி ராஜ்ஜியம். செய்திக்கு முன்னால் குடும்பத்தை நாற்காலியில் உட்காரவைக்க ஒரு சின்ன நிகழ்ச்சி, பெரும்பாலும் பாட்டு. 1956 இலையுதிர்காலத்து வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதனும் வெள்ளியும் எடி ஃபிஷர் பாடினார், அவருடைய நிகழ்ச்சியின் பெயரே 'கோக் டைம்', காசு கொடுத்தது கோக்கக்கோலா. வியாழக்கிழமை டைனா ஷோர், அவருக்கு செவ்ரலே கார். செவ்வாய்க்கிழமை ஜோனதன் வின்டர்ஸின் நகைச்சுவை. திங்கட்கிழமை நாட் கிங் கோல்.

அதாவது அதே நெட்வொர்க், அதே கடிகார நேரம், அதே பதினைந்து நிமிடம், பின்னாலேயே அதே செய்தி. மேடையில் நிற்பவர் மட்டும்தான் வேறு. சமூக விஷயங்களில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அபூர்வம், யாரோ பரிசோதனைக்காகவே ஏற்பாடு செய்தது போல இருக்கிறது. ஃபிஷருக்குப் பானக் கம்பெனி இருந்தது, ஷோருக்குக் கார் கம்பெனி இருந்தது, கோலுக்கு ஒருவரும் இல்லை.

"அவருக்கு ரேட்டிங் இல்லை, அதனால்தான்" என்று ஒரு வாதம் உண்டு. ரேட்டிங் ஆரம்பத்தில் சுமார்தான், மறுக்கவில்லை. எதிரே சிபிஎஸ்ஸில் ராபின் ஹுட் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வில்லையும் அம்பையும் விட்டுவிட்டு மெல்லிசை கேட்க யார் வருவார்கள்? ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்பான்சர் என்பவர் ரேட்டிங் பார்த்துவிட்டு வருபவர் இல்லை. பெரும்பாலும் முதல் நாளுக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். கோலுக்கு முதல் நாளே ஸ்பான்சர் இல்லை. ரேட்டிங் என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஸ்பான்சர் என்றால் என்ன அர்த்தம்

இப்போது நமக்கு விளம்பரம் என்றால் முப்பது விநாடித் துண்டுகள். பத்து கம்பெனி வரும், போகும், எது எந்த நிகழ்ச்சியில் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. 1950-களின் அமெரிக்க டிவி அப்படி இல்லை. வானொலிக் காலத்திலிருந்து வந்த பழக்கத்தில் ஒரு நிகழ்ச்சி என்றால் ஒரு கம்பெனி. மில்டன் பெர்ல் 1948-ல் டிவியில் பெரிய ஆளானது டெக்ஸகோ பெட்ரோல் கம்பெனியின் பெயர் தாங்கிய நிகழ்ச்சியில். கோல்கேட்டின் பெயரில் ஒரு நகைச்சுவை நேரம் இருந்தது. பெரும்பாலான இடங்களில் நிகழ்ச்சியை உருவாக்கியதே கம்பெனியின் விளம்பர ஏஜென்சிதான். பாடகரைத் தேர்ந்தெடுப்பது, பாட்டைத் தேர்ந்தெடுப்பது, யார் விருந்தினர் என்பது வரை ஏஜென்சிக்காரர் கை இருக்கும். நெட்வொர்க் கிட்டத்தட்ட கல்யாண மண்டபக்காரர் மாதிரி, நாள் வாடகை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்.

அந்த ஏஜென்சிகளின் அலுவலகங்கள் நியூயார்க்கில் மேடிசன் அவென்யூ என்ற தெருவில் குவிந்திருந்ததால் அந்தத் தெருவின் பெயரே தொழிலின் பெயராகிவிட்டது.

இதில் முக்கியமான விஷயம், பாடகரும் பொருளும் ஒட்டிக்கொள்வது. டைனா ஷோர் செவ்ரலே பாட்டைப் பாடி, கடைசியில் கையை உதட்டில் வைத்து முத்தம் கொடுத்து விடைபெறுவார். பார்க்கிறவருக்கு டைனா என்றால் செவ்ரலே, செவ்ரலே என்றால் டைனா. கம்பெனி வாங்குவது நேரத்தை மட்டுமல்ல, ஒரு முகத்தையும் சேர்த்துத்தான். அந்த முகம் கறுப்பாக இருக்கலாமா என்ற கேள்வியை மேடிசன் அவென்யூவில் யாரும் சத்தம்போட்டுக் கேட்கவில்லை, ஆனால் பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

விருந்தினர் விஷயம் வேறு. எட் சலிவன் தன் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் கறுப்பினக் கலைஞர்களைத் தொடர்ந்து மேடையேற்றினார், ஸ்பான்சரான கார் கம்பெனியின் தென் மாநில விற்பனையாளர்கள் முணுமுணுத்தாலும் விடவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஸ்பான்சரின் முகம் சலிவன். விருந்தினர் ஆறேழு நிமிடம் பாடிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவார், கார் அவருடன் ஒட்டாது.

ஆள் யார்

நதேனியல் ஆடம்ஸ் கோல்ஸ், 1919-ல் அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் பிறந்தவர், வளர்ந்தது சிகாகோவில். பாடகராகத்தான் உலகத்துக்குத் தெரியும், ஆனால் அடிப்படையில் பியானோக்காரர், அதுவும் சாதாரணப் பியானோக்காரர் இல்லை. 1937 வாக்கில் அவர் அமைத்த மூவர் குழுவில் பியானோ, கிதார், டபுள் பாஸ் மட்டும்தான், டிரம்ஸ் கிடையாது. பெரிய பெரிய வாத்தியக் குழுக்கள் ஓங்கியிருந்த காலத்தில் அது துணிச்சலான அமைப்பு. அதே மூவர் அமைப்பை ஆஸ்கர் பீட்டர்சன் போன்றவர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள்.

1942-ல் தொடங்கிய கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் கம்பெனி இவருடைய விற்பனையால்தான் பெரிதாக நிமிர்ந்தது. 1956 ஏப்ரலில் ஹாலிவுட்டில் அந்தக் கம்பெனி திறந்த வட்ட வடிவ 13 மாடிக் கட்டடத்துக்கு "நாட் கட்டிய வீடு" என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது.

வீடு என்றதும் இன்னொரு வீடு நினைவுக்கு வருகிறது. 1948-ல் அவரும் மனைவி மரியாவும் லாஸ் ஏஞ்சலிஸில் ஹான்காக் பார்க் என்ற வசதியான, முழுக்க வெள்ளையர் வசித்த பகுதியில் ஒரு வீடு வாங்கினார்கள். அக்கம்பக்கத்துச் சொத்துக்காரர்கள் கூடி, விரும்பத்தகாத ஆட்கள் இங்கே குடிவருவதை நாங்கள் விரும்பவில்லை என்று சொன்னார்கள். கோல் பதில் சொன்னார்: நானும் விரும்பவில்லை, அப்படி யாராவது வருவதைப் பார்த்தால் முதல் புகார் என்னுடையதாக இருக்கும். குரலை உயர்த்தாமல், சிரித்தபடி, கத்தியை உள்ளே இறக்குகிற பதில். புல்வெளியில் வசைச்சொல்லை எரித்து எழுதிவைத்தார்கள். அவர் போகவில்லை, அங்கேயே இருந்தார்.

பெரிய ஓட்டல்களில் மேடையேறிப் பாடுவார், அதே ஓட்டலில் அறை கிடைக்காது. அந்தக் காலத்து லாஸ் வேகஸ் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

நிகழ்ச்சிக்கு ஏழு மாதம் முன்பு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1956 ஏப்ரல் 10, அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகர அரங்கம். அன்றைக்கு இரண்டு காட்சிகள், முதலாவது வெள்ளையருக்கு, இரண்டாவது கறுப்பினத்தவருக்கு, அங்கே சட்டமே அப்படி. மேடையில் ஆங்கிலேயர் டெட் ஹீத்தின் வாத்தியக் குழு. கோல் பாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பார்வையாளர் நடுவிலிருந்து சில பேர் ஓடிவந்து மேடையில் ஏறி அவரைக் கீழே தள்ளினார்கள். நிறவெறி அமைப்பான வெள்ளையர் குடிமக்கள் கவுன்சில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். போலீஸ் ஏற்கனவே அரங்கத்தில் தயாராக இருந்ததால் உயிர் தப்பினார். முதுகில் அடி. கொஞ்ச நேரம் கழித்து மேடைக்குத் திரும்பி வந்து, உங்களை மகிழ்விக்கத்தான் வந்தேன், நான் பிறந்ததே இந்த மாநிலத்தில்தான் என்று பேசினார். கூட்டம் எழுந்து நின்று நிறுத்தாமல் கைதட்டியது. முதல் காட்சியை முடிக்க முடியவில்லை. இரவு, கறுப்பினத்தவருக்கான காட்சியில் வந்து பாடினார்.

அதன் பிறகு அவருக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. பிரித்து உட்காரவைத்த கூட்டத்தின் முன்னால் ஏன் பாடினாய் என்று கறுப்பினப் பத்திரிகைகள் காய்ச்சி எடுத்தன. அவர் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பில் ஆயுள் உறுப்பினர் ஆனார். இந்த மனிதரைத்தான் ஏழு மாதம் கழித்து என்பிசி, "வாருங்கள், வாரம் ஒரு நாள் அமெரிக்காவின் வரவேற்பறையில் உட்காருங்கள்" என்று அழைத்தது. ஸ்பான்சர்களின் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிய பர்மிங்காம் காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அந்தக் கவுன்சில்கள் வெறுமனே மேடையேறித் தள்ளிவிடுகிறவர்கள் மட்டுமல்ல, கறுப்பினத்தவருக்கு ஆதரவு என்று சந்தேகம் வந்தால் அந்தக் கம்பெனியின் பொருளை வாங்காதீர்கள் என்று துண்டுப்பிரசுரம் போடுகிறவர்களும்கூட.

நிகழ்ச்சி எப்படி இருந்தது

நல்லவேளையாக நிறையப் பதிவுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. நேரலையாகப் போன நிகழ்ச்சியை டிவித் திரைக்கு எதிரே ஃபிலிம் கேமரா வைத்துப் பிடித்த பதிவுகள், அதனால் கொஞ்சம் மங்கலாக, விளிம்பெல்லாம் பனி மூடியது போல இருக்கும்.

ஆரம்பகாலக் கால் மணி நேரப் பகுதிகளைப் பார்த்தால் எளிமை கண்ணில் படும். பெரிய அரங்க அமைப்பு கிடையாது. அவர் நிற்கிறார், சாய்கிறார், உட்காருகிறார், பாடுகிறார். பேசும்போது, உண்மையைச் சொல்வதென்றால், லேசாக விறைப்பு தெரிகிறது, எழுதிக்கொடுத்ததைச் சொல்கிறார் என்பது புரிந்துவிடும். இன்னொரு டிவிப் பாடகரான பெர்ரி கோமோ போல சோபாவில் உருகி ஒழுகுகிற சுபாவம் அவருக்கு முதலில் வரவில்லை. ஆனால் பாட்டு தொடங்கிய அடுத்த கணம் அது எல்லாம் போய்விடும். சொற்களை ஒவ்வொன்றாக, உதிராமல், எண்ணெய் போட்டது போல உச்சரிப்பார். பியானோவில் உட்கார்ந்தால் இன்னும் விசேஷம், விரல்களைப் பார்க்காமல் கேமராவையே பார்த்துச் சிரித்தபடி வாசிப்பார். கை ஒரு பக்கம் சிக்கலான வேலையைச் செய்துகொண்டிருக்கும், முகம் "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போல இருக்கும்.

இசையமைப்பு நெல்சன் ரிடில். புகழ்பெற்ற பாடகர் சினாட்ராவுக்கு இசை அமைத்த அதே ரிடில். ஆக, காசில்லாத நிகழ்ச்சி என்று நினைத்துக் கேட்டால் ஏமாந்துபோவோம், காதுக்கு அது பணக்கார நிகழ்ச்சி.

1957 ஜூலையில் என்பிசி ஒரு காரியம் செய்தது. ஸ்பான்சர் இல்லாத நிகழ்ச்சியை நிறுத்துவதுதான் வழக்கம். இவர்கள் அதை அரை மணி நேரமாக நீட்டி, செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு மாற்றினார்கள். இதற்கு என்பிசிக்கு மதிப்பெண் கொடுத்தே ஆகவேண்டும், கோலே கொடுத்தார். நெட்வொர்க் தன் பக்கம் முயற்சி செய்தது என்றுதான் கடைசிவரை சொன்னார்.

அரை மணி ஆனதும் விருந்தினர் தேவை. விருந்தினருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அங்கேதான் கலைஞர்கள் வந்தார்கள். எல்லா ஃபிட்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, பெக்கி லீ, சாமி டேவிஸ் ஜூனியர், மெல் டார்மே, எர்த்தா கிட், மஹாலியா ஜாக்சன் என்று ஒரு பட்டியல், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து. தங்கள் வழக்கமான சம்பளத்தைக் கேட்காமல், தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு வந்து பாடிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்டோபரில் நார்மன் கிரான்ஸின் ஜாஸ் கச்சேரிக் குழுவே வந்தது. கோல்மன் ஹாக்கின்ஸ், ஸ்டான் கெட்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ், ஆஸ்கர் பீட்டர்சன் எல்லாரும் ஒரே அரை மணி நேரத்தில். தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தால் ஒரு பெரிய கம்பெனியின் பையே காலியாகியிருக்கும்.

இதுவும் அந்த வீட்டுக்காரர் கதைதான். கஷ்டத்தில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே வந்து ஆளுக்கொரு வேலை பார்த்துக் கொடுப்பது போல.

பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது. எதிரே இருந்தது சாதாரண ஆள் இல்லை, சிபிஎஸ்ஸின் 64,000 டாலர் கேள்வி, நாட்டையே கட்டிப்போட்ட வினாடி வினா. அந்த எதிரியை வைத்துக்கொண்டே கோல் ஏறினார். அப்போதும் நாடு முழுவதற்குமாக நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளும் ஸ்பான்சர் வரவில்லை. நியூயார்க் பகுதிக்கு மட்டும் ரைன்கோல்ட் பியர் கம்பெனி வந்தது. வேறு சில நகரங்களிலும் ஊர் ஊராக உள்ளூர் விளம்பரம் பிடித்து ஓட்டினார்கள்.

இந்தத் துண்டு துண்டான ஏற்பாடுதான் எனக்கு இந்த வழக்கின் மிக முக்கியமான சாட்சி. விளம்பரம் செய்து பொருள் விற்க முடியாது என்பதல்ல பிரச்சினை, நியூயார்க்கில் பியர் கம்பெனி விளம்பரம் செய்யத்தான் செய்தது. ஒரு ஊருக்கு விளம்பரம் கொடுத்தால் அது வெறும் விளம்பரம். நாடு முழுவதற்கும் கொடுத்தால் அந்த முகம் உங்கள் கம்பெனியின் முகமாகிவிடும். அந்த எல்லையைத் தாண்டத்தான் ஆள் இல்லை.

உதட்டுச்சாயம்

அழகுசாதனக் கம்பெனி ஒன்றின் ஆள், கறுப்பின மனிதர் ஒருவரால் உதட்டுச்சாயம் விற்க முடியாது என்றாராம். கோல் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். எங்கள் பெண்கள் உதட்டில் எதைப் பூசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், சாக்பீஸையா என்று கேட்டார். தொலைபேசிக் கம்பெனியையும் இழுத்தார். டிவியில் ஒரு கறுப்பினத்தவரைப் பார்த்துவிட்டு ஒருவன் என்ன செய்வான், கம்பெனியைக் கூப்பிட்டு என் வீட்டுப் போனைக் கழற்றிக்கொண்டு போ என்பானா? யோசித்துப் பார்த்தால் சரியான கேள்வி. அன்றைக்குத் தொலைபேசி வேண்டுமென்றால் பெரும்பாலான ஊர்களில் ஒரே கம்பெனிதான். கோபித்துக்கொண்டு எங்கே போவது?

இதில் இன்னொரு வேடிக்கை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எதிரே ஓடிய 64,000 டாலர் கேள்விக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? ரெவ்லான், உதட்டுச்சாயக் கம்பெனி. இந்தப் பக்கம் உதட்டுச்சாயம் விற்காது என்று ஒதுக்கப்பட்டவர், அந்தப் பக்கம் உதட்டுச்சாயத்தில் வந்த பணத்தோடு மோதிக்கொண்டிருந்தார்.

தெற்கைக் குறை சொல்லலாமா

ஏஜென்சிகளுக்கு ஒரு தயார்ப் பதில் இருந்தது: "எங்களுக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, தென் மாநிலத்தில் பொருள் விற்காதே!" கோல் இதை ஏற்கவில்லை. என் இசைத்தட்டு தெற்கில் விற்கிறது, தென் மாநில நிலையங்கள் பலவும் நிகழ்ச்சியை ஒளிபரப்புகின்றன, பிறகு என்ன என்று கேட்டார்.

தெற்கில் எதிர்ப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் இருந்த என்பிசி இணைப்பு நிலையம் ஒன்று, 1955-ல் கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் திரையில் பேச வந்தபோது "கேபிள் கோளாறு" என்று அட்டை போட்டு மறைத்த கதை பிரபலம். கடைசியில் அந்த நிலையம் உரிமத்தையே இழக்கும் வரை வழக்கு போனது. ஆக, நெட்வொர்க் அனுப்பினாலும் உள்ளூர் நிலையம் காட்டாமல் விடலாம், விட்டார்கள். ஆனால் ஒரு நிலையம் காட்ட மறுப்பது வேறு, காட்டத் தயாராக இருக்கும் நிலையங்களையும் சேர்த்து யாருக்குமே காசு கொடுக்கமாட்டேன் என்பது வேறு. இரண்டாவது முடிவு மிசிசிப்பியில் எடுக்கப்படவில்லை. நியூயார்க்கில், கம்பளம் விரித்த அறைகளில் எடுக்கப்பட்டது.

முடிவு

1957 செப்டம்பரில் அந்த இரவு பத்து மணி இடம் பறிபோனது. ஸ்பான்சரோடு வந்த ஒரு வெஸ்டர்ன் தொடருக்கு, கலிஃபோர்னியாவில் தங்கம் தேடி ஓடிய காலத்துக் கதைக்கு, அந்த இடம் போய்விட்டது. கோல் நிகழ்ச்சியைச் செவ்வாய் ஏழரைக்கு நகர்த்தினார்கள். அங்கேயும் எதிரே ஏபிசியில் கௌபாய்கள். அந்த ஆண்டு அமெரிக்க டிவியில் குதிரைக் குளம்படிச் சத்தம் இல்லாத மணி நேரத்தைத் தேடத்தான் வேண்டும். எனவே பாட்டு நிகழ்ச்சிகளுக்கே அது இறங்குமுகம் என்று ஒருவர் வாதாடினால் முழுக்க மறுக்கமாட்டேன். ஆனால் இறங்குமுகத்தில் இருந்த மற்ற பாடகர்களுக்கு இறங்கவாவது ஒரு ஏணி இருந்தது.

ஆண்டு முடிவில் என்பிசி சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு மாற்றுகிறோம் என்றது. பல நிலையங்கள் உள்ளூர் நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளும் நேரம் அது. கோல் கணக்குப் போட்டார். வேண்டாம் என்றார். நெட்வொர்க் துரத்தவில்லை, இவராக வெளியே வந்தார். டிசம்பர் 17-ல் கடைசி நிகழ்ச்சி.

அதுவரை பெரிய சத்தம் போடாத மனிதர் அதன் பிறகு பேசினார். 1958 பிப்ரவரியில் கறுப்பினத்தவருக்கான எபனி இதழில் டிவி நிகழ்ச்சியை ஏன் விட்டேன் என்று அவர் பெயரிலேயே ஒரு கட்டுரை வந்தது. 13 மாதம் நான் டிவியின் ஜாக்கி ராபின்சனாக இருந்தேன் என்றார். பேஸ்பால் விளையாட்டில் நிறத்தடையை உடைத்த ராபின்சன். ஆனால் ராபின்சனுக்கு ஒரு அணி முதலாளி கையெழுத்துப் போட்டார், இவருக்குப் போட ஆளில்லை. மேடிசன் அவென்யூவுக்கு இருட்டென்றால் பயம் என்ற அவருடைய புகழ்பெற்ற வாசகமும் இந்தச் சமயத்தில் வந்ததுதான். கறுப்பு, இருட்டு என்ற சிலேடை தமிழிலும் அப்படியே நிற்கிறது.

அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்று எழுதுகிறவர்கள் ஹேசல் ஸ்காட்டை மறந்துவிடுகிறார்கள். டிரினிடாடில் பிறந்த பியானோக் கலைஞர், 1950 கோடையில் டுமாண்ட் நெட்வொர்க்கில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். கம்யூனிஸ்ட் அனுதாபி என்று ஒரு கறுப்புப்பட்டியலில் பெயர் வந்தது. செப்டம்பர் 22-ல் தானே முன்வந்து நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். அடுத்த வாரமே நிகழ்ச்சி முடிந்தது. 1952-ல் ஏபிசியில் பில்லி டேனியல்ஸின் நிகழ்ச்சி, அதுவும் சில மாதத்தோடு சரி. ஆகவே கோல் முதல் ஆள் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய புகழோடும் விற்பனையோடும் பெரிய நெட்வொர்க்கின் ஆதரவோடும் வந்து, இவராலேயே முடியவில்லை என்று காட்டிய முதல் ஆள்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். அந்த 64,000 டாலர் கேள்வி உட்படப் பல வினாடி வினாக்களில் ஏமாற்று வேலை நடந்தது 1958, 1959-ல் அம்பலமானது. யார் ஜெயிக்கவேண்டும், யார் தோற்கவேண்டும் என்பதில் ஸ்பான்சர்கள் வரை மூக்கை நுழைத்திருந்தார்கள். அதைச் சாக்காக வைத்து நெட்வொர்க்குகள் நிகழ்ச்சிகளின் கட்டுப்பாட்டைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டன. விளம்பர நேரத்தைத் துண்டு போட்டுப் பல கம்பெனிகளுக்கு விற்கும் முறை மெல்ல மெல்ல ஆட்சிக்கு வந்தது. கோலுக்கு ஊர் ஊராக ஒட்டுப்போட்டு ஓட்டினார்களே, கிட்டத்தட்ட அதே யோசனைதான், இப்போது முறையாக. நிகழ்ச்சியின் முகம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை என்றாகிவிட்டது. இதற்காக யாரும் மனம் திருந்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 1968-ல் கூட, ஒரு சிறப்பு நிகழ்ச்சியில் வெள்ளைக்காரப் பாடகி பெட்டுலா கிளார்க் பாடிக்கொண்டே கறுப்பினப் பாடகர் பெலஃபான்டேயின் கையைத் தொட்டதற்கு, முழு நிகழ்ச்சியையும் வாங்கியிருந்த கார் கம்பெனியின் விளம்பர ஆள் குதித்தார். கிளார்க் மற்ற டேக்குகளை அழிக்கச் சொல்லி, தொட்ட காட்சியே ஒளிபரப்பாகும்படி செய்துவிட்டார்.

இதையெல்லாம் முழுதாகப் பார்க்கக் கோல் இல்லை. 1965 பிப்ரவரி 15-ல் நுரையீரல் புற்றுநோயில் போனார், வயது 45. வாழ்நாள் முழுக்க சிகரெட் பழக்கத்தைக் கைவிட்டதில்லை. அடுத்த ஜனவரியில் சாமி டேவிஸ் ஜூனியருக்கு என்பிசி ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. வேறொரு நெட்வொர்க்கோடு இருந்த ஒப்பந்தத்தால், முதல் வாரம் வந்தவர் அடுத்த சில வாரங்கள் தன் நிகழ்ச்சியிலேயே தலைகாட்ட முடியவில்லை, வேறு ஆட்கள் நடத்தினார்கள். ஏப்ரலில் அதுவும் முடிந்தது. 1970-ல் அதே என்பிசியில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ஃபிளிப் வில்சன் தன் பெயரிலேயே நிகழ்ச்சியோடு வந்தார். முதல் இரண்டு பருவமும் நாட்டிலேயே இரண்டாம் இடம். விளம்பரத்துக்கு வரிசையில் நின்றார்கள்.